வெண்விளிம்புச் சாலை: யார் போட்ட பாதை?



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை மன்னர்கள், போர்கள், மனனம் செய்ய வேண்டிய ஆண்டுகள். ஒரு சாலைக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். நாம் செல்லும் ஒவ்வொரு பாதையையும் எவரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக முதன்முதலில் போட்டிருக்கிறார். அந்தத் தேவை காலப்போக்கில் மறைந்துவிடுகிறது. பாதை மட்டும் எஞ்சி நிற்கிறது. பின்னால் வருகிறவர்கள் வேறொரு காரணத்துக்காக அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்த உண்மையை விளக்குவதற்குப் பொருத்தமான ஒரு சாலையை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கண்டேன். அதன் கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பர்கள் மூவரும் நானும் அங்குச் சென்றிருந்தோம். எங்களோடு பயின்ற மற்றொருவர் திருமணமாகி அண்டை மாநிலமான கொலராடோவில் குடியேறியவர். பயணத்திற்கான ஏற்பாடுகள் யாவும் அவருடையவை. ஐவர், இரண்டு ஜீப்புகள், மூன்று பகல், இரண்டு இரவுகள். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள அச்சாலையின் பெயர் ஒயிட் ரிம். தமிழில் வெண்விளிம்பு எனலாம்.

நிலத்தின் அமைப்பு

இந்நிலத்தை மூன்று படிகளைக் கொண்ட ஒரு மாபெரும் படிக்கட்டாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல்படி ஒரு பீடபூமி. அதற்கு ஆங்கிலத்தில் வானத்துத் தீவு என்னும் பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஆயிரம் அடிக்கும் மேல் செங்குத்தாக இறங்கினால் இரண்டாவது படி. அதன் ஓரம் முழுவதும் வெண்மையான மணற்கல் ஒரு விளிம்பைப் போல் படிந்திருப்பதால்தான் வெண்விளிம்பு என்ற பெயர் வந்தது. அதற்கும் கீழே, இன்னும் ஏறத்தாழ ஆயிரம் அடி ஆழத்தில், ஒரு பக்கம் கொலராடோ ஆறும் மறுபக்கம் கிரீன் ஆறும் ஓடுகின்றன. பீடபூமியின் தென்முனைக்கு அப்பால் இரண்டும் ஒன்றுகூடுகின்றன.

வெண்விளிம்புச் சாலை இந்த இரண்டாவது படியில், பீடபூமியைச் சுற்றிச் செல்கிறது. நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நம் ஊர் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடும் தொலைவு அது. அங்கோ பல இடங்களில் வாகனம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஊர்கிறது. வழியில் கடை இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு நீரைக் கலன்களில் நிரப்பிக்கொண்டோம். தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும்; குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே கூடாரம் போட வேண்டும்; உண்டாக்கும் குப்பையைத் திரும்பச் சுமந்துவர வேண்டும். இரவில் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கியது. எரிவாயு அடுப்பில் வைத்த ரசமும் ஊரிலிருந்து கொண்டுபோன நெத்திலிச் சம்பலும் அந்தக் குளிருக்குத் தேவாமிர்தமாக இருந்தன.

கால்நடையும் கால்நடைகளும்

மேல்படியிலிருந்து இரண்டாவது படிக்கு இறங்கும் வழிக்கு ஷேபர் பாதை என்று பெயர். மலைச்சுவரில் மடிப்பு மடிப்பாக வளைந்து இறங்கும் அப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். எதிரே ஒரு வண்டி வந்தால், எங்கே ஒதுங்குவது என்பதை இருவரும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இவ்வழியை முதலில் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள். ஏறவே முடியாததுபோல் தோன்றும் அந்தச் சுவரில் மனிதன் கால்வைத்து இறங்கக்கூடிய ஓர் இடுக்கை அவர்களே அறிந்து வைத்திருந்தனர். கேன்யன்லேண்ட்ஸ் பகுதியில் சோளமும் அவரையும் பரங்கியும் பயிரிட்டு வாழ்ந்த புவப்லோ மூதாதையர்கள், பாறைக் குடைவுகளில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தானியக் குதிர்கள் இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் அவர்கள் தெற்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் வாழ்கின்றனர்.

1869ஆம் ஆண்டு ஜான் வெஸ்லி பவல் என்பவர் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு படகுகளில் பயணத்தைத் தொடங்கி இவ்வழியே வந்தார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த பவல், ஒற்றைக் கையோடு ஆறுகளையும் பாறைகளையும் ஆராய்ந்து, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தை அடைந்தார். ஆனால், அவர் கண்டது ஆற்றிலிருந்து தெரிந்த நிலத்தை. வெண்விளிம்பில் வாழ்க்கை நடத்த வந்தவர்கள் பின்னால் வந்த கால்நடைப் பண்ணையாளர்கள். ஷேபர் குடும்பத்தினர் குளிர்காலத்தில் தங்கள் மாடுகளை மேய்ச்சலுக்காக அவ்வழியே கீழே ஓட்டிச் சென்றனர். பூர்வகுடி மக்களின் ஒற்றையடிப் பாதை மாட்டுப்பாதையாக அகன்றது. பண்ணையாரின் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. முதலில் நடந்தவர்களின் பெயர் வரைபடத்தில் ஏறவில்லை.

அணுகுண்டு போட்ட சாலை

மாட்டுப்பாதையை லோரி செல்லும் சாலையாக்கியது எது தெரியுமா? அணுகுண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே பனிப்போர் மூண்டது. அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும். 1947ஆம் ஆண்டு பணியைத் தொடங்கிய அமெரிக்க அணுசக்தி ஆணையம், உள்நாட்டிலேயே யுரேனியத்தைத் தேடித்தருமாறு மக்களை ஊக்குவித்தது. எடுக்கும் தாதுவை வாங்கும் ஒரே வாடிக்கையாளர் அரசாங்கம். விலைக்கும் அரசாங்கமே உத்தரவாதம். உடனே ஆசிரியர், கடைக்காரர், போரிலிருந்து திரும்பிய இளைஞர் எனப் பலரும் கெய்கர் கருவியை வாங்கிக்கொண்டு பாலைநிலத்துக்குப் புறப்பட்டனர். போருக்காகச் செய்யப்பட்ட ஜீப்புகள் அவர்களுக்குக் கைகொடுத்தன. நாம் இன்று பொழுதுபோக்காகக் கருதும் மேடுபள்ளப் பயணம் இவ்வாறு பொருள் தேடும் பயணமாகத்தான் அங்கே தொடங்கியது.

இவர்களுள் சார்லி ஸ்டீன் என்னும் நிலவியலாளரின் கதை புகழ்பெற்றது. கெய்கர் கருவி வாங்கவும் வசதியில்லாமல் மனைவி மக்களோடு வறுமையில் உழன்ற அவர், 1952ஆம் ஆண்டு ஜூலையில் மோவாப் என்னும் சிற்றூருக்குத் தென்கிழக்கே துளையிட்டபோது கரிய நிறத் தாதுவைக் கண்டார். அதுவே மி விடா சுரங்கம் ஆயிற்று. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘என் வாழ்க்கை’ என்று பொருள். ஒரே ஆண்டில் அவர் பெருஞ்செல்வர் ஆனார். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,274 பேர் இருந்த மோவாப், 1960இல் 4,682 பேராகப் பெருகியது. ஸ்டீன் பின்னாளில் கடனில் மூழ்கிச் செல்வத்தை இழந்து 2006ஆம் ஆண்டில் காலமானார்.

இந்த வேட்டைக்காக அணுசக்தி ஆணையம் தென்கிழக்கு யூட்டாவில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் மண்சாலைகளை அமைத்தது. வெண்விளிம்புச் சாலை அவற்றுள் ஒன்று. ஷேபர் பாதையும் அக்காலத்தில்தான் தாது ஏற்றிய லோரிகள் ஏறுவதற்கேற்ப அகலப்படுத்தப்பட்டது. இத்தனை பாடுபட்டுச் சாலை போட்டும், வெண்விளிம்புப் பகுதியில் கிடைத்த யுரேனியமோ மிகக் குறைவு. சாலை மட்டும் மிஞ்சியது.

கீழே இறங்கும்போது பாறை அடுக்குகளைக் கவனித்தேன். சிவந்த மணற்கற்களுக்கு இடையே ஊதாவும் சாம்பல் பச்சையும் கலந்த ஓர் அடுக்கு செல்கிறது. அதற்குச் சின்லே அடுக்கு என்று பெயர். யுரேனியம் தேடியவர்கள் அந்த அடுக்கைத்தான் துரத்திச் சென்றார்கள். ஸ்டீனின் தாதுவும் அதே அடுக்கில்தான் கிடைத்தது.

ஜீப்பில் பிறந்த தேசியப் பூங்கா

வேட்டைக்காரர்கள் போன பிறகு, அதே சாலைகளில் வேறொரு மனிதர் ஜீப்பை ஓட்டினார். பெயர் பேட்ஸ் வில்சன். மோவாபுக்கு அருகிலுள்ள ஆர்ச்சஸ் இயற்கைச் சின்னத்தின் கண்காணிப்பாளராக 1949ஆம் ஆண்டு முதல் பணியாற்றியவர். இந்த நிலத்தைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காக அவர் கையாண்ட வழி எளியது. அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்குள் அழைத்துச் செல்வார். இரவில் திறந்தவெளியில் தீமூட்டி, கனமான இரும்புச் சட்டியில் தாமே சமைத்துப் பரிமாறுவார். விண்மீன்களுக்குக் கீழே உண்டு உறங்கியவர்கள் திரும்பும்போது அந்நிலத்தின் நண்பர்களாகத் திரும்பினார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டூவர்ட் யூடால். 1961இல் அதிபர் கென்னடியின் ஆட்சியில் உள்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவர். அமெரிக்காவில் உள்துறை என்பது காவல்துறையைக் குறிப்பதன்று. நிலம், நீர், பூங்காக்கள், பூர்வகுடி மக்கள் நலன் ஆகியவற்றைக் கவனிக்கும் துறை. இரண்டு ஆறுகளும் கூடும் இடத்திற்கு அருகே ஓர் அணை கட்டும் எண்ணம் அப்போது இருந்தது. அணைத்துறைத் தலைவர் பிளாய்ட் டோமினி அந்த இடத்தை விமானத்திலிருந்து அவருக்குக் காட்டியபோது, கீழே பார்த்த யூடாலின் மனத்தில் அணை தோன்றவில்லை, தேசியப் பூங்கா தோன்றியது என்று கூறுவர். 1961ஆம் ஆண்டு ஜூலையில் அவர் பெருங்குழுவோடு நேரில் வந்து பார்த்தார். யூட்டா மாநில மேலவை உறுப்பினர் பிராங்க் மோஸ் பூங்காவுக்கான சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பும் இருந்தது. மேய்ச்சலும் சுரங்கமும் பாதிக்கப்படும் என்று உள்ளூர் மக்கள் பலர் அஞ்சினர். அவர்களின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. இறுதியில், முதலில் எண்ணியதைவிட மிகச் சிறிய பரப்போடு, 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அதிபர் ஜான்சன் கையொப்பமிட்டு கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவை உருவாக்கினார். வில்சன் அதன் முதல் கண்காணிப்பாளர் ஆனார். 1971இல் பூங்கா விரிவாக்கப்பட்டது. பூங்கா உருவாவதற்கு ஓராண்டு முன்னதாக, 1963இல், கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிளென் கேன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டு, ஒரு நெடும்பள்ளத்தாக்கு நீரில் மூழ்கத் தொடங்கியிருந்தது. எதை இழக்கக்கூடும் என்பதை மக்கள் கண்ணெதிரே கண்ட காலம் அது.

அணுகுண்டுக்காகப் போட்ட சாலையே அந்நிலத்தைக் காப்பதற்கும் வழி திறந்துவிட்டது. வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

சுரங்கத்துக்குள் சென்றவர்கள்

இரண்டாம் நாள் இரவு, கிரீன் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருந்தோம். இந்தக் கதையை நான் இதுவரை சொல்லி நிறுத்தியபோது நண்பர் ஒருவர், “விடுமுறையிலுமா பாடம் நடத்துகிறாய்? கதைதான் இனிமையாக முடிந்துவிட்டதே, படுக்கலாம் வா” என்று சிரித்தார். இன்னொரு நண்பர் மட்டும், “அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் யார்?” என்று கேட்டார். நல்ல ஆசிரியர் கேட்கும் கேள்வி அது. கதை இனிமையாக முடியவில்லை என்பதை அதன்பின் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

இங்கிருந்து தெற்கே, யூட்டாவிலும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பரந்து கிடப்பது நவஹோ மக்களின் நிலம். அங்கே பல நூறு யுரேனியச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. நவஹோ ஆடவர் பலர் அவற்றில் கூலிக்கு வேலை செய்தனர். யுரேனியம் சிதையும்போது ரேடான் என்னும் வாயு உண்டாகிறது. காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் அது தேங்கும்; மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். இத்தகைய சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1879ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டனர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை 1950 முதல் இத்தொழிலாளர்களைப் பரிசோதித்து வந்தது. ஆனால், எதற்காகப் பரிசோதிக்கிறோம், என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவர்கள் சுரங்கத்து நீரையே குடித்தார்கள். தூசி படிந்த உடையோடே வீடு திரும்பினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, நவஹோ ஊர்களில் கைம்பெண்கள் பெருகினர்.

இங்கேதான் யூடால் மறுபடியும் வருகிறார். 1969இல் பதவி விலகிய பிறகு வழக்கறிஞராகத் தொழில் நடத்திய அவர், நோயுற்ற நவஹோ தொழிலாளர்களுக்காகவும் இறந்தவர்களின் குடும்பங்களுக்காகவும் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவர் அமைச்சராக இருந்த ஆண்டுகளிலும் அச்சுரங்கங்களில் ஆட்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பல ஆண்டுகள் நடந்த அவ்வழக்குகளில் அவர் தோற்றார். இத்தகைய முடிவுகளுக்காக அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் கூறிவிட்டன. எனினும், அந்தப் போராட்டம் மக்கள் மன்றத்தை எட்டியது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்திலேயே அரசாங்கத்தின் மன்னிப்பும் இடம்பெற்றது. தகுதியுள்ள சுரங்கத் தொழிலாளருக்கு ஒரு லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. பலருக்கு அது காலங்கடந்து வந்தது. யூடால் 2010இல் மறைந்தார். அச்சட்டம் 2024ஆம் ஆண்டு ஜூனில் காலாவதியாகி, 2025ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. நவஹோ நாடு தன் நிலத்தில் யுரேனியச் சுரங்கத் தொழிலை 2005இல் தடைசெய்தது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கும் மேற்பட்டவை அங்கே எஞ்சின.

மோவாபிலும் அதன் எச்சம் இருந்தது. தாதுவை அரைத்த ஆலை 1984இல் மூடப்பட்டபோது கொலராடோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் டன் கதிரியக்கக் கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது. அதை ஆற்றிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அப்பால் கொண்டுசென்று புதைக்கும் பணி 2009இல்தான் தொடங்கியது. குவித்ததை அகற்றத் தொடங்குவதற்கே கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் சொல்லி முடித்தபோது, படுக்கலாம் என்று சொன்ன நண்பரும் படுக்காமல் அமர்ந்திருந்தார். “இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அந்த அழகான இடத்தை வெறுத்துவிட மாட்டார்களா?” என்று கேட்டார். பிள்ளைகள் அப்படி வெறுப்பதில்லை என்பது என் அனுபவம். முழுக் கதையையும் அறிந்த பிள்ளை அந்த இடத்தைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கும். அழகை மட்டும் கேட்ட பிள்ளை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடும்.

வகுப்பறையில் மூன்று கேள்விகள்

அந்நிலத்தில் வாகனம் சாலையை விட்டு ஓர் அடிகூட விலகக்கூடாது என்பது கடுமையான விதி. காரணம், அங்குள்ள மண்ணின் மேற்பரப்பு உயிருள்ளது. நுண்ணுயிரிகளும் பாசிகளும் சேர்ந்து மணலைப் பிணைத்து, கருமையான ஒரு மேலோட்டை உண்டாக்கியிருக்கின்றன. காற்றும் மழையும் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுப்பது அதுவே. ஒருமுறை சக்கரம் ஏறினால், அந்தத் தடம் ஆறிப்போகப் பல பத்தாண்டுகள் ஆகும். அடுத்த தலைமுறை அதைப் பார்க்கும். நாமும் அங்கே ஒரு வரலாற்றை எழுதிவிட்டுத்தான் வருகிறோம்.

ஆசிரிய நண்பர்களே, இதிலிருந்து மூன்று கேள்விகளை என் வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதை யார் செய்தார்? எதற்காகச் செய்தார்? அதற்கான விலையைக் கொடுத்தவர் யார்? பாலமோ, இரயில் பாதையோ, பள்ளிக் கட்டடமோ, எதைப் பற்றிப் பேசினாலும் இம்மூன்றையும் கேட்கலாம். முதல் இரண்டுக்கும் பாடநூலில் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு விடை தேடி மாணவர்கள் பெரியவர்களிடம் போக வேண்டியிருக்கும். தாத்தா பாட்டியிடம் கேட்க வேண்டியிருக்கும். நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தேன். எங்கள் பள்ளிக்குச் செல்லும் சாலையைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னபோது, அது முன்பு தோட்டத்துச் செம்மண் பாதையாக இருந்தது என்றும், தன் கொள்ளுத்தாத்தா அதில் கல் பரப்பியவர் என்றும் ஒரு மாணவி எழுதி வந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அன்று எங்கள் வகுப்பறை வெண்பலகையில் எழுதினோம்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு எங்குச் சென்றாலும், வழியில் அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் என்ன விடை சொன்னார்கள் என்பதை மறவாமல் எனக்கும் எழுதுங்கள்.